ஆறு தடங்களும் ஒரு யூஎஸ்பி கம்பியும்

வெளிப்புற யூஎஸ்பி சவுண்ட் கார்டு என்பது கணினிக்கு வெளியே, யூஎஸ்பி கம்பியின் முனையில் இயங்கும் ஒலிக் கருவி. கணினி எண்களாக அனுப்பும் ஒலியை வாங்கி, ஸ்பீக்கர்கள் ஏற்கும் மின்னழுத்த அலைகளாக மாற்றித் தருவது இதன் வேலை. இதே வேலையைச் செய்யும் சில்லு பெரும்பாலான கணினிகளின் தாய்ப்பலகையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மடிக்கணினிகளில் அதற்கு வெளியே திறக்கும் வாசல் பெரும்பாலும் ஹெட்போனுக்கான ஒரே ஒரு துளைதான். இடம், வலம் என்ற இரண்டு தடங்களே அதன் வழியாக வெளியேற முடியும். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்புக்கு ஆறு தடங்கள் வேண்டும். குறையும் நான்கு தடங்களை, கணினியைத் திறக்காமலேயே சேர்த்துக்கொள்ள உதவுவதுதான் இந்தச் சிறு பெட்டி.

மேசைக் கணினியில் நிலைமை சற்று வேறு. பின்புறம் ஐந்து அல்லது ஆறு ஒலித் துளைகள் கொண்ட தாய்ப்பலகை நேரடியாகவே 5.1 அல்லது 7.1 ஒலியைத் தரும். மூன்று துளைகள் மட்டும் உள்ள பலகைகள் பலவற்றிலும் மைக், லைன்-இன் துளைகளை வெளியீடாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. எனவே யூஎஸ்பி கார்டு பெரும்பாலும் மடிக்கணினிக்கும், துளைகள் குறைந்த சிறு கணினிகளுக்கும், பலகையின் ஒலிப்பகுதி பழுதான கணினிகளுக்கும் உரிய தீர்வு.

சூழ்ந்து வரும் ஒலி

ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டு அறிகிறது. வலப்பக்கம் எழும் ஒலி இடக்காதை அடையச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதம் அதிகபட்சம் ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உயர் அதிர்வெண் ஒலிகளைத் தலை மறைப்பதால் இடக்காதில் அவற்றின் வலிமையும் குறைகிறது. இந்த இரண்டு குறிப்புகளையும் இணைத்து விளக்கும் கொள்கையை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-இல் வெளியிட்டார். இவை தவிர, செவிமடலின் மடிப்புகள் ஒலியை வடிகட்டும் விதத்திலிருந்து முன், பின், மேல், கீழ் என்ற வேறுபாடுகளை மூளை பிரித்தறிகிறது.

முன்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள், அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பில் ஒலியை நிறுத்திக் காட்டும். கேட்பவரின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஒலியை நிலையாக நிறுத்த அங்கேயே ஸ்பீக்கர் இருப்பதுதான் உறுதியான வழி. திரையரங்கம் இதை முன்பே உணர்ந்திருந்தது. 1940-இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஃபேன்டாசியா’ படத்துக்காக உருவாக்கப்பட்ட ஃபேன்டாசவுண்ட் முறை, பல தடங்களில் பதிந்த ஒலியை அரங்கின் வெவ்வேறு மூலைகளுக்கு அனுப்பியது. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துடன் டால்பி டிஜிட்டலும், 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்துடன் டிடிஎஸ் முறையும் அரங்குகளுக்கு வந்தன. பின்னர் டிவிடி வட்டுகள் இவ்விரு முறைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தன.

5.1 என்ற எண்ணில் 5 என்பது முழு அதிர்வெண் வீச்சைத் தாங்கும் ஐந்து தடங்களைக் குறிக்கும்: முன் இடம், முன் நடு, முன் வலம், சரவுண்ட் இடம், சரவுண்ட் வலம். புள்ளிக்குப் பின் உள்ள 1, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஆழ்ந்த அதிர்வுகளை மட்டும் சுமக்கும் தனித்தடம். வெடியோசை, நில அதிர்வு, எஞ்சின் உறுமல் போன்றவை இதில் பதிவாகின்றன. 7.1 அமைப்பில் பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் தனித்தனி இணைகள் உண்டு. மொத்தம் எட்டுத் தடங்கள்.

ஒரு மில்லிநொடிக்குள் எத்தனை பைட்

இந்தத் தடங்கள் எல்லாம் ஒரே கம்பியில் எப்படிப் போகின்றன என்பதை எளிய பெருக்கல் கணக்கால் காணலாம். திரைப்பட ஒலி பொதுவாக நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவாகிறது. ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் நீளம் என்றால், ஆறு தடங்களுக்கு நொடிக்கு 46 லட்சத்து 8 ஆயிரம் பிட் தேவை, அதாவது 4.608 மெகாபிட்.

1990-களின் பிற்பகுதியில் பரவிய முதல் தலைமுறை யூஎஸ்பியின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். அது காலத்தை ஒரு மில்லிநொடிச் சட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. ஒலி போன்ற தொடர்தரவுக்கான ஓர் இணைப்பு, ஒரு சட்டத்தில் அதிகபட்சம் 1,023 பைட் அனுப்பலாம். 48,000 மாதிரி வேகத்தில் ஒரு மில்லிநொடிக்கு ஒரு தடத்துக்கு 48 மாதிரிகள் வரும். ஆறு தடங்கள், 16 பிட் என்றால் 576 பைட். 24 பிட் என்றால் 864 பைட். இரண்டும் அடங்கிவிடும். எட்டுத் தடங்கள் 16 பிட்டில் 768 பைட், அதுவும் அடங்கும். எட்டுத் தடங்கள் 24 பிட்டில் 1,152 பைட், அது அடங்காது. சந்தையில் விலை குறைந்த பல யூஎஸ்பி 7.1 பெட்டிகள் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடுவதன் பின்னணி இதுதான். இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் காணப்படும் சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்6206 சில்லு, எட்டுத் தடங்களை அந்த அளவில்தான் தருகிறது.

2000-இல் வந்த யூஎஸ்பி 2.0 இந்த எல்லையைத் தகர்த்தது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டுத் தடங்களை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் அனுப்ப ஏறத்தாழ 18.4 மெகாபிட் போதும் என்பதால் இடநெருக்கடி இல்லை. ஆனால் பெட்டியின் மேல் ‘யூஎஸ்பி 2.0’ என்று எழுதியிருப்பது மட்டும் இதற்குச் சான்றாகாது. 12 மெகாபிட் வேகத்தில் இயங்கும் கருவியும் 2.0 விதிகளுக்கு உட்பட்டதே. ‘ஹை ஸ்பீட்’ என்று தனியே குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிரைவர் மென்பொருளும் இதனோடு சேர்ந்த செய்தி. யூஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கான பொது விதித்தொகுப்பு முதலில் 1998-இலும், இரண்டாம் பதிப்பு 2006-இலும் வந்தன. முதல் பதிப்பைப் பின்பற்றும் கருவிகள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் செருகியவுடன் அடிப்படை அளவிலாவது இயங்கும். இரண்டாம் பதிப்புக்கான டிரைவர் விண்டோஸில் உள்ளமைந்தது 2017-இல்தான். பழைய விண்டோஸ் கணினியில் அத்தகைய கருவிக்குத் தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவியாக வேண்டும்.

நேரம் தவறாத போக்குவரத்து

யூஎஸ்பியில் கோப்பை நகலெடுக்கும்போது ஒரு பைட் பிழையானாலும் அது மறுபடி அனுப்பப்படும். ஒலிக்கு அந்த வசதி இல்லை. குறித்த நேரத்துக்குக் கிளம்பும் நகரப் பேருந்தைப்போல ஒவ்வொரு சட்டமும் புறப்பட்டுவிடும். தவறிய தரவுக்காகக் காத்திருக்காது. தாமதமாக வரும் சரியான மாதிரியைவிட நேரத்தோடு தொடரும் ஓட்டமே காதுக்கு முக்கியம் என்பதால் இந்த ஏற்பாடு. கணினி வேறு வேலைகளில் திணறி ஒரு சட்டத்தைத் தவறவிட்டால், அந்த இடத்தில் ‘டிக்’ என்ற வெடிப்போசை கேட்கும்.

இதில் கடிகாரச் சிக்கல் ஒன்றும் உண்டு. கணினிக்கு ஒரு கடிகாரம். ஒலிப்பெட்டியில் மாதிரிகளை வாசிக்கும் பகுதிக்கு இன்னொரு கடிகாரம். இரண்டும் துல்லியமாக ஒத்து ஓடுவதில்லை. இதற்கு நடைமுறையில் இரண்டு தீர்வுகள் பரவலாக உள்ளன. முதல் முறையில், வரும் தரவின் வேகத்துக்கேற்பப் பெட்டி தன் கடிகாரத்தை இடைவிடாது சரிசெய்துகொள்கிறது. இரண்டாவதான ஒத்தியங்கா முறையில் பெட்டியின் நிலையான கடிகாரமே தலைமை ஏற்கிறது. மாதிரிகளை எந்த வேகத்தில் அனுப்ப வேண்டும் என்று அது கணினிக்கு அவ்வப்போது சொல்கிறது. இரண்டாம் முறையில் கடிகார நடுக்கம் குறைவு. தரமான கருவிகள் பலவும் இதையே கையாள்கின்றன.

பெட்டிக்குள் நடப்பது

யூஎஸ்பி சில்லு சட்டங்களைப் பிரித்து, ஒவ்வொரு தடத்தின் எண்களையும் அதற்குரிய எண்-அலை மாற்றிக்கு அனுப்புகிறது. மாற்றியிலிருந்து வெளிவரும் அலை வடிகட்டப்பட்டு, ஒரு சிறு பெருக்கியின் வழியே துளைக்கு வருகிறது. அங்கே கிடைப்பது ஓரிரு வோல்ட் அளவுள்ள லைன் சமிக்ஞைதான். யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்சாரம் 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர். அதாவது மொத்தமே 2.5 வாட். அதைக்கொண்டு ஆறு ஸ்பீக்கர்களை இயக்க முடியாது. ஆகவே, உள்ளேயே பெருக்கி கொண்ட கணினி ஸ்பீக்கர் தொகுதியோ, பல்தட அனலாக் உள்ளீடு கொண்ட ஏவி ரிசீவரோ கட்டாயம் தேவை.

கணினிக்கு வெளியே இருப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை இரைச்சல் குறைவது. கணினியின் உள்ளே மின்வழங்கிகளும் செயலியும் வரைகலை அட்டையும் நொடிக்குப் பல லட்சம் முறை மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சலின் ஒரு பகுதி அருகிலுள்ள அனலாக் சுற்றுகளில் புகுந்து, சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் கீச்சொலியாகக் கேட்கலாம். அனலாக் பகுதியைத் தனிப் பெட்டிக்கு மாற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

முழுவதும் ஒழியும் என்று சொல்ல முடியாது. யூஎஸ்பி கம்பியின் தரைமுனை கணினியின் தரைமுனையோடு சேர்ந்தே இருக்கிறது. கணினியும் ஏவி ரிசீவரும் வெவ்வேறு மின்துளைகளில் எர்த் பெற்றால், அவற்றுக்கிடையே வளையமாக ஓடும் சிறு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ் முனகலை உண்டாக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுவது முதல் தீர்வு. ஒளியிழை வழியே ஒளியாக ஒலியை அனுப்பும் ஆப்டிகல் இணைப்பில் மின்தொடர்பே இல்லாததால் இந்த வளையம் உருவாகாது. முனகலைப் போக்குவதற்காக எர்த் முள்ளைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்து. அதைச் செய்யவே கூடாது.

வெளியேறும் வழிகள்

பல்தட யூஎஸ்பி கார்டுகளின் வழக்கமான வெளியீடு 3.5 மில்லிமீட்டர் துளைகள். ஒவ்வொன்றும் இரண்டு தடங்களைத் தரும் என்பதால் 5.1-க்கு மூன்று துளைகளும் 7.1-க்கு நான்கு துளைகளும் வேண்டும். கணினி உலகில் நிலைத்த வண்ண வழக்குப்படி பச்சை முன் இணைக்கும், கறுப்பு பின் இணைக்கும், ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும், சாம்பல் 7.1-இன் பக்க இணைக்கும் உரியவை. ஆரஞ்சுத் துளையில் மட்டும் ஒரு குழப்பம் நேரலாம். சில ஸ்பீக்கர் தொகுதிகளில் நடுவும் சப்வூஃபரும் இடம் மாறி இருக்கும். வசனம் சப்வூஃபரில் முணுமுணுக்கும். பல டிரைவர்களில் இவ்விரண்டையும் மாற்றிப் போடும் தெரிவு உண்டு.

சில கார்டுகளில் ஆப்டிகல் துளையும் இருக்கிறது. 1983-இல் தோஷிபா அறிமுகப்படுத்திய இந்த இணைப்பு, சுருக்காத ஒலியாக இரண்டு தடங்களை மட்டுமே சுமக்கும். 5.1 ஒலியைச் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில்தான் இதன் வழியே அனுப்பலாம். டிவிடியில் டால்பி டிஜிட்டலின் உச்ச அளவு நொடிக்கு 448 கிலோபிட். சுருக்காத ஆறு தடங்களின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. திரைப்படக் கோப்பில் ஒலி ஏற்கெனவே அந்த வடிவில் இருப்பதால் பிளேயர் அதைப் பிரிக்காமல் ரிசீவருக்கு அப்படியே கடத்திவிடலாம். விளையாட்டுகளின் நிலைமை அதுவல்ல. அவை ஆறு தடங்களையும் அந்தந்தக் கணத்தில் உருவாக்குகின்றன; அவற்றை உடனுக்குடன் சுருக்க டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் வசதி கார்டின் டிரைவரில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஆப்டிகல் வழியே விளையாட்டு ஒலி இரண்டு தடங்களாகவே வந்து சேரும்.

‘7.1’ என்று அச்சிட்ட குச்சிகள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் விரலளவு யூஎஸ்பி குச்சிகள் பலவற்றின் உறையில் ‘7.1 சேனல்’ என்று காணலாம். அவற்றில் இருப்பதோ ஹெட்போனுக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை. அதாவது வெளியே வருவது இரண்டு தடங்கள்தான். எட்டுத் தடங்களைக் கணக்கீட்டால் இரண்டாகக் கலந்து, காலத் தாமதத்தையும் வடிகட்டலையும் சேர்த்து, ஹெட்போனில் சுற்றிலும் கேட்பதுபோன்ற உணர்வை எழுப்ப அவை முயல்கின்றன.

இந்த நுட்பம் பொய்யன்று. காதும் தலையும் ஒலியை மாற்றும் விதத்தை அளந்து, அதே மாற்றத்தை ஹெட்போன் ஒலியில் செய்தால் திசையுணர்வு பிறக்கும். ஆனால் செவிமடலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. பொதுவான ஒரு கணக்கு எல்லாருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. ஹெட்போனில் விளையாடுபவருக்கு இது பயன்படலாம். ஆறு ஸ்பீக்கர்களை இணைக்க நினைப்பவருக்குப் பயன்படாது. வாங்குமுன் உறையிலுள்ள எண்ணை விட்டுவிட்டுத் துளைகளை எண்ணுவதே நம்பகமான சோதனை.

மென்பொருளில் செய்ய வேண்டியவை

கார்டைச் செருகியதும் கணினி அதை இரண்டு தடக் கருவியாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். விண்டோஸில் ஒலி அமைப்புகளின் கண்ட்ரோல் பேனல் சாளரத்தில் அந்தக் கார்டைத் தேர்ந்து, ‘கான்ஃபிகர்’ பொத்தானை அழுத்தி, 5.1 சரவுண்ட் என்று அறிவிக்க வேண்டும். அதே இடத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே ஒலிக்கச் செய்து பார்க்கலாம். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் செயலி இதே வேலையைச் செய்கிறது. லினக்ஸில் ஒலி அமைப்பில் கார்டின் சுயவிவரத்தை அனலாக் சரவுண்ட் 5.1 என மாற்ற வேண்டும். மாதிரி வேகத்தை 48 கிலோஹெர்ட்ஸாக வைப்பது திரைப்படங்களுக்கு ஏற்றது. தேவையற்ற வேகமாற்றக் கணக்கீடு தவிரும்.

அடுத்தது பிளேயர். அனலாக் துளைகளில் ஸ்பீக்கர் இணைந்திருந்தால், விஎல்சி போன்ற பிளேயரே டால்பி, டிடிஎஸ் ஒலியைப் பிரித்து ஆறு தடங்களாகத் தர வேண்டும். அப்படியே கடத்தும் தெரிவு அணைந்திருக்க வேண்டும். ஆப்டிகல் வழியே ரிசீவரில் இணைத்திருந்தால் அந்தத் தெரிவைப் போட வேண்டும். படம் அமைதியாக ஓடும், அல்லது முன் இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும் பேசும் என்ற புகார்களில் பல இந்த ஒரு தெரிவு இடம் மாறியதால் வருபவை.

மூல ஒலியிலேயே இரண்டு தடங்கள்தான் என்றால் பின் ஸ்பீக்கர்கள் மௌனமாக இருப்பது பழுதல்ல. பாடல்களும் உலாவியில் பார்க்கும் பெரும்பாலான இணைய வீடியோக்களும் இரண்டு தட ஒலியே. அவற்றை எல்லா ஸ்பீக்கர்களிலும் பரப்பும் தெரிவுகள் டிரைவர்களில் உண்டு. அவை ஒலியை நிரப்பும். இல்லாத திசைத் தகவலை உருவாக்கா. ஹெட்போனுக்கான மெய்நிகர் சரவுண்ட் வசதி உண்மையான ஸ்பீக்கர்கள் இயங்கும்போது அணைந்திருப்பது நல்லது. இல்லையேல் திசைகள் கலங்கும்.

அறையில் அமைக்கும் முறை

ஐடியு எனப்படும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை இதற்கு அடிப்படை. கேட்பவரின் நேர் எதிரே நடு ஸ்பீக்கர். அதிலிருந்து இருபுறமும் 30 பாகையில் முன் ஸ்பீக்கர்கள். 100 முதல் 120 பாகைக்குள் சரவுண்ட் ஸ்பீக்கர்கள். அதாவது 5.1-இல் சரவுண்ட் ஸ்பீக்கர்களின் இடம் காதுக்குச் சற்றுப் பின்னே, பக்கவாட்டில். அறையின் பின்சுவர் மூலை அல்ல.

எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே தொலைவில் இருப்பது சிறந்தது. முடியாதபோது தாமதத்தைக் கணக்கிட்டு ஈடுசெய்ய வேண்டும். ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் கடக்கிறது. முன் ஸ்பீக்கர் 2 மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் 1 மீட்டரிலும் இருந்தால், பின்னொலி ஏறத்தாழ 3 மில்லிநொடி முந்தி வரும். முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை பிடித்துக்கொள்வதால், இரு இடங்களிலும் பகிரப்பட்ட ஒலி முதுகுப் பக்கம் சாய்ந்துவிடும். தொலைவைப் பதியும் வசதி டிரைவரிலோ ரிசீவரிலோ இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் அருகிலுள்ள ஸ்பீக்கரின் ஒலியளவையாவது குறைக்க வேண்டும். சப்வூஃபரின் ஆழ்ந்த ஒலிக்குத் திசையுணர்வு குறைவு என்பதால் அதை வைப்பதில் சுதந்திரம் உண்டு. ஆனால் மூலையில் வைத்தால் அதிர்வு பெருகி வசனத்தை அமுக்கும்.

தடங்கலும் மாற்றுவழியும்

இடையிடையே வெடிப்போசை வந்தால் கார்டை ஹப்பிலிருந்து எடுத்துக் கணினியின் துளையில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். ஹப் பல கருவிகளுக்கு மின்சாரத்தையும் வேகத்தையும் பங்கிடுவதால் ஒலிக்குரிய இடம் நெருக்கப்படலாம். மின்சேமிப்புக்காக யூஎஸ்பி துளைகளை உறங்கவைக்கும் அமைப்பை அணைப்பதும் பலன் தரும்.

வீட்டில் எச்டிஎம்ஐ உள்ளீடுள்ள ரிசீவர் ஏற்கெனவே இருந்தால் யூஎஸ்பி கார்டு தேவைப்படாது. எச்டிஎம்ஐ கம்பி எட்டுத் தடங்களைச் சுருக்காமல் படத்தோடு சேர்த்தே கொண்டுசெல்லும். ஆறு அனலாக் தடங்களை ஏற்கும் கணினி ஸ்பீக்கர் தொகுதி கையில் உள்ளவருக்கே யூஎஸ்பி கார்டு முழுப்பயன் அளிக்கும்.

அப்படி வாங்குபவர் பார்க்க வேண்டியவை மூன்றே: ஸ்பீக்கர்களுக்குப் போதுமான உண்மையான துளைகள், தன் இயங்குதளத்துக்கு ஏற்ற டிரைவர், நல்ல அனலாக் தரம். 16 பிட் ஒலியே 96 டெசிபல் வீச்சைத் தாங்கும். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம் மனிதக் காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டியே செல்லும். எனவே 192 கிலோஹெர்ட்ஸ் என்ற பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் செலவிடத் தேவையில்லை. கோப்பு, பிளேயர், இயங்குதளம், கார்டு, கம்பி, ஸ்பீக்கர் ஆகிய ஆறு கண்ணிகளிலும் ஆறு தடங்களும் ஒன்றோடொன்று கலவாமல் கடந்து வந்தால்தான் அது சரவுண்ட். ஏதேனும் ஓரிடத்தில் அவை இரண்டாகச் சுருங்கினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் வெறும் ஸ்டீரியோ கார்டுதான்.